வலைப்பின்னல் வழி வரும் குரல்

வெளியூரில் நடைபெறும் விழாவொன்றை நேரடியாக அஞ்சல் செய்யவேண்டின், முன்னாளில் மேடையிலிருந்து கலையகம் வரையில் தொலைபேசித் தடமொன்று தனியே ஒதுக்கப்படும். குரல் அதனூடே இடையறாது ஓடிவரும். இன்றோ அப்பணியைப் பெரும்பாலும் இணையமே ஏற்றுள்ளது. மேடையருகில் ஒன்றும் கலையகத்தில் ஒன்றுமாகக் 'கோடெக்' என்னும் கருவி வைக்கப்படுகின்றது.

இக்கருவி ஒலியை எண்களாக்குகின்றது. செக்கனுக்கு 48,000 மாதிரிகள், மாதிரியொன்றுக்கு 24 'பிட்', தடங்கள் இரண்டு எனக் கொண்டால், செக்கனொன்றில் 23 இலட்சத்து 4 ஆயிரம் 'பிட்'டுகள் செல்லவேண்டும். 2012 ஆம் ஆண்டில் இணைய நியமமாக வெளியான 'ஒப்பஸ்' என்னும் சுருக்கமுறை, அதனை 1 இலட்சத்து 28 ஆயிரமாக, அதாவது பதினெட்டில் ஒரு பங்காகக் குறைத்தும், இசையின் நயம் பெரிதும் கெடாது காக்கவல்லது.

எனினும், இணையத்தில் ஒலி ஒரே ஓட்டமாக வருவதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து வருகின்றது. ஒன்று விரைந்து வரும், மற்றொன்று பிந்தும், சில வந்து சேர்வதேயில்லை. ஆதலின், கலையகக் கருவி பொதிகளைச் சிறிது நேரம் தேக்கி, ஒழுங்குசெய்த பின்னரே ஒலிக்கவிடுகின்றது. அத்தேக்கம் எவ்வளவு என்பதை நிர்ணயிப்பதே பொறியியலாளரின் தலையாய கடன்.

வழி சீரற்றிருக்கையில் தேக்கத்தை 20 மில்லி செக்கனாக வைத்தால், பிந்திய பொதிகள் பயனற்றுப்போகும், சொற்கள் முறியும். அரைச் செக்கனாக வைத்தால் ஒலி சீராகும். ஆனால், போகும்போது அரைச் செக்கனும் வரும்போது அரைச் செக்கனுமாக மறுமொழி ஒரு செக்கன் பிந்தும்; உரையாடுவோர் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவர். எனவே, பேட்டிக்குக் குறுகிய தேக்கம் வேண்டும். மறுமொழி வேண்டாத கச்சேரிக்கு நீண்ட தேக்கம் தகும். பேட்டியில் நேரும் இழப்பை ஈடுசெய்ய, ஒரே ஒலியை இரு வேறு வழிகளில் அனுப்புதல் நன்று. ஒன்றில் தவறிய பொதி மற்றொன்றில் வந்துசேரும்.

இவ்வளவுகளை ஊகித்து வைத்தல் ஆகாது. அஞ்சல் நடைபெறும் இடத்திலிருந்தே, முந்திய நாளில் அதே வேளையில், பொதிகள் எவ்வளவு பிந்துகின்றன என்று அளந்து பார்த்தல் வேண்டும்.

சூறாவளி எச்சரிக்கையை வெளியிடத்திலிருந்து ஒருவர் வாசிக்கின்றார் என்று கொள்வோம். அரைச் செக்கன் பிந்துவதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால், ஓர் ஊரின் பெயர் இடையில் அறுந்துபோயின், அவ்வூரார் அபாயத்தை அறியாமலே இருந்துவிடுவர்.