இதயத்தைப் பேணுவதும் கல்வியே

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் இதய நலம் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நமது துணிபு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, பணியில் அமர்ந்து, தம்பி தங்கையரைப் படிக்க வைக்கும் ஒருவர் நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பால் மறைந்தால், போவது ஓர் உயிர் மட்டுமன்று. அக்குடும்பத்தின் கல்வியும் தடைப்படுகிறது. உலகில் மிகுதியான உயிர்களைப் பறிப்பவை இன்று இதய, இரத்தக்குழாய் நோய்களே. அவற்றைச் செல்வர் நோய் என்று ஒதுக்குவது அறியாமை.

அண்ணல் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தபோது அவர்க்கு அகவை 65 தான். நீரிழிவு அவரைப் பல ஆண்டுகள் வருத்திற்று. 1907 இல் இதழ் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவருமாவார். அறிவுப் பணியும் மருத்துவப் பணியும் அவரிடம் ஒருங்கே விளங்கின.

நம் முன்னோர் கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறும் உண்டு பகலெல்லாம் வயலில் உழைத்தனர். அது அவர்கள் விரும்பி ஏற்ற வாழ்வன்று. வறுமையும் சாதியும் திணித்தது. அதனைப் பொற்காலம் என நாம் போற்றமாட்டோம். வெள்ளைச் சோற்றை மதிப்பின் அடையாளமாகக் கருதி மக்களுக்கு ஊட்டியதிலும் குற்றமில்லை. ஆயினும் இன்று நம்மில் பலர்க்கு ஏர் போய் நாற்காலி வந்துவிட்டது. சோற்றின் அளவோ குறையவில்லை. திணிக்கப்பட்டதை உதறிய நாம், நல்லதை அறிந்து தேர்ந்தெடுக்கும் உரிமையையும் பயன்படுத்த வேண்டும்.

முதலாவது, உணவு. சோற்றைக் குறைத்துப் பருப்பு, பயறு, கீரை, காய்கறி, மீன் ஆகியவற்றைக் கூட்டுவோம். ஒருவர்க்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுதல் தீது.

இரண்டாவது, நடை. நாள்தோறும் அரைமணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடந்தால் போதும். அதற்குக் காசு வேண்டியதில்லை.

மூன்றாவது, பீடி, சிகரெட், மது ஆகியவற்றை விடுதல். புகைப்பதை நிறுத்திய ஓராண்டில், புகையால் கூடிய மாரடைப்பு அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

நான்காவது, சோதனை. இரத்த அழுத்தம் உள்ளிருந்தே கொல்வது, வலி காட்டாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றி அளந்து பார்க்கலாம். மீண்டும் மீண்டும் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் மருத்துவம் தேவை. 2021 இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டிற்கே வருகிறது. உடல் நன்றாயிருக்கிறதென்று அதனைத் தாமே நிறுத்திவிடலாகாது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். எல்லார்க்கும் பரிமாறிவிட்டு இறுதியில் உண்ணும் நீங்கள், உங்கள் நோயையும் இறுதியிலேயே கவனிக்கிறீர்கள். மூச்சுத் திணறல், காரணமற்ற களைப்பு, தாடையிலோ முதுகிலோ வலி ஆகியனவும் பெண்களிடம் மாரடைப்பின் அறிகுறிகளாகலாம். ஆணாயினும் பெண்ணாயினும் நெஞ்சு அழுத்தி வியர்த்தால், வாய்வு எனக் கருதிச் சோடா குடித்துக் காத்திராமல், உடனே 108 ஐ அழையுங்கள். இதயத் தசைக்கு ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது.

சங்கத்தார்க்கு நமது வேண்டுகோள் ஒன்றே. மாதக் கூட்டத்தில் இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். விடுதி உணவில் உப்பையும் எண்ணெயையும் குறையுங்கள். கல்வி தந்த வாழ்வை நீண்ட நாள் வாழ்ந்து காட்டுவதும் விடுதலையின் ஒரு பகுதியே. சங்கத்தின் பொன் விழாவில், இன்று இங்குள்ளோர் யாவரும் முன்வரிசையில் அமர்ந்திருக்க வேண்டுமென விழைந்து விடைபெறுகிறோம்.