மலிவுத் துவக்கும் மௌனமான சட்டமும்

(கல்முனையில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கதிர் முற்றும் காலத்தில் சம்மாந்துறை வட்டையிலோ அக்கரைப்பற்று வட்டையிலோ இராக்காவல் இருப்பவனுக்குத் துவக்கு ஆடம்பரமன்று. பன்றியும் யானையும் இறங்கும் வயலை யானைவெடியால் மட்டும் விடியும்வரை காக்க இயலாது. இதனை அறிந்தே பேசுகின்றோம். துவக்கே வேண்டாமென உபதேசிக்க நாம் வரவில்லை. மலிவான துவக்கைப் பற்றியே பேச வந்துள்ளோம்.

"குறைந்த விலைக்கு ஒரு பிஸ்டல் கிடைக்கிறது, எடுக்கலாமா?" என்று நம்மிடமே சிலர் கேட்கின்றனர். நம்மிடம் கேட்டதும் நன்றே. விற்பவனிடம் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்!

தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலில் ஓர் ஆபத்து உண்டு. மகசினைக் கழற்றியதும் ஆயுதம் வெறுமையாகிவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் குழலின் அடியறையில் ஒரு ரவை தங்கியிருக்கலாம். நல்ல பிஸ்டலிலும் உள்ள இந்த ஆபத்து, மலிவுப் பிஸ்டலில் பெருகுகின்றது. அமெரிக்காவில் ஏழைகளுக்கென்று விற்கப்பட்ட பிஸ்டல்கள் பல, உருக்கை விட்டு, எளிதில் உருகும் நாகக் கலவையில் வார்க்கப்பட்டவை.

அவற்றுள் ஒன்று பிரைக்கோ 38. 1994ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒருவர் அதிலிருந்த ரவையை அகற்ற முயன்றார். அகற்ற வேண்டுமானால் பாதுகாப்புப் பூட்டை முதலில் திறந்தேயாக வேண்டும். அதன் அமைப்பு அப்படி! திறந்தார், வெடித்தது. அருகிலிருந்த ஏழு வயதுப் பாலகன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். முந்திய அமைப்பில் இருந்த சிக்கலைத் திருத்தாமல், பூட்டைத் திறக்கச் செய்து மறைத்தனர் என்று வாதித்தரப்பு எடுத்துக்காட்டியது. 2003இல் ஜூரிமார் கம்பெனியையும் விற்பனையாளரையும் பொறுப்பாளிகளாக்கிக் கோடிக்கணக்கான டொலர் நட்டஈடு விதித்தனர். கம்பெனி முறிவு மனுவுள் புகுந்துகொண்டது. 2004இல் அதன் சொத்து ஏலத்துக்கு வந்தபோது, அந்தப் பையனே பணம் திரட்டி ஏலம் கேட்டான். பிஸ்டல்களை வாங்கி உருக்கிவிட வேண்டுமென்பது அவன் எண்ணம். கம்பெனியின் பழைய மேற்பார்வையாளரே சற்றுக் கூடுதலாகக் கேட்டு வென்றார்.

அந்நாட்டில் பொம்மைத் துப்பாக்கிக்குப் பாதுகாப்பு விதி வகுக்கும் மத்திய ஆணைக்குழு உண்டு. மெய்த் துப்பாக்கியில் கைவைக்க அதற்கு அதிகாரமில்லை. கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டம் இயற்றி, கீழே விழுந்தால் வெடிக்கிறதா என்று சோதித்த பின்னரே கைத்துப்பாக்கியை விற்கலாமென்றது.

அப்பையனுக்கு வழக்கிட ஒரு பிரதிவாதியாவது இருந்தான். நமக்கு யார் உளர்? பட்டறையில் நீர்க்குழாயைக் கொண்டு கட்டிய இடியன் துவக்கு வெடித்து ஒருவனின் கை போகுமானால், கட்டியவன் பெயரைச் சொல்ல அவனால் இயலாது. வைத்தியசாலைக்கு நோயாளியாகச் செல்பவன் சந்தேகநபராகத் திரும்புகின்றான். இதற்கஞ்சிப் புண்ணை மறைத்து வீட்டிலேயே கிடந்தவர்களை நாம் தொழில்முறையில் கண்டுள்ளோம். கள்ளமாக வரும் பிஸ்டலுக்கும் இதே கதிதான். உத்தரவாதம் கொடுப்பாரில்லை, கெட்டதைத் திருத்துவாருமில்லை. 2024இல் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென அனுமதி பெற்றோரின் சுடுகலன்களையே மீளாய்வுக்கு ஒப்படைக்கச் சொன்னது. இந்நிலையில் சந்தையோரத்தில் விலை பேசப்படும் பிஸ்டல் எவ்வழியால் வந்ததென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் முதற்கண் கேட்பது அனுமதிப்பத்திரத்தை. 1996இல் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. சட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. "உன்னிடம் பத்திரம் உண்டா?" என்று கேட்கும் அரசு, "உன் துவக்கின் குழல் தாங்குமா?" என்றும் கேட்க வேண்டும் என்கின்றோம். இங்கிலாந்தில் 1637 முதலே குழலை மிகைமருந்திட்டுச் சோதித்து முத்திரையிடும் வழக்கமுண்டு. நம்மை நூற்றைம்பது ஆண்டுகள் ஆண்டவர்கள் அனுமதிப்பத்திரத்தைத் தந்தார்கள். அந்தச் சோதனைச் சாலையைத் தர மறந்தார்கள் போலும்.

ஆகையால் மூன்று கோரிக்கைகளை எழுதியுள்ளோம். ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது, தகுதி பெற்ற ஒருவர் துவக்கையும் இலவசமாகப் பரிசோதிக்க வேண்டும். பயிர்க்காவலுக்கு விண்ணப்பிக்கும் கமக்காரனுக்கு மாவட்டச் செயலகம் குறித்த காலத்தில் பதில் தர வேண்டும். தாமதமே அவனைப் பட்டறைக்கு அனுப்புகின்றது. இடியனையும் வழியில் கட்டிவைக்கும் துவக்கையும் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைப்போர்மீது வழக்கில்லையென ஒரு தவணை அறிவிக்க வேண்டும்.

மனுவின் பிரதிகள் வாசலருகே மேசையில் உள்ளன. வீட்டில் துவக்கு வைத்திருப்போர் முதலில் கையொப்பமிடுக.