எட்டாத பந்து எந்தக் கணக்கில் வரும்?

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகச் சில வரிகளை மட்டும் சரிசெய்திருக்கிறேன்.)



"டெபாசிட் வட்டி பற்றிப் போன தடவையே பேசிட்டீங்க சார், இந்தத் தடவை வேற ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் இன்றைக்குப் பேஸ்பால். பயப்பட வேண்டாம், முழு ஆட்டத்தையும் விளக்கப் போவதில்லை. ஒரே ஒரு கேள்விதான்: பெரிய அணிக்குப் புதிதாக வந்த ஓர் அவுட்ஃபீல்டர் நன்றாக ஃபீல்டிங் செய்கிறாரா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

2014 ஜூலையில் பேத்தி பிறந்த சமயம், ஒரு மாதம் லீவு போட்டு ஃப்ளோரிடாவில், டாம்பாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்குப் பேஸ்பால் என்றால் உயிர். அந்த ஊர் அணியின் பெயர் டாம்பா பே ரேஸ். அதில் கெவின் கீர்மையர் என்ற பையன் அப்போதுதான் வந்திருந்தார்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஃபீல்டிங் அணியில் ஒன்பது பேர். அவர்களில் மூன்று பேர் தூரத்தில், இடது, நடு, வலது என்று நிற்பார்கள். அவர்கள்தான் அவுட்ஃபீல்டர்கள். நம் கிரிக்கெட்டில் பவுண்டரிப் பக்கம் நிற்பவர்களைப் போல. உயரே போகும் பந்து தரையைத் தொடும் முன் பிடித்தால் அவுட். கையில் பெரிய தோல் கையுறை இருக்கும். பெரிய லீகுக்குக் கீழே பல படிகளாகச் சின்ன லீகுகள் உண்டு. அங்கே ஆண்டுக்கணக்கில் ஆடித்தான் மேலே வர வேண்டும்.

கீர்மையர் வந்த கதையே வேடிக்கையானது. 2010இல் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 31ஆவது சுற்றில்தான் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். 2013 செப்டம்பர் 30. ரேஸ் அணியும் டெக்ஸாஸ் அணியும் சமமாக நின்றதால், யார் அடுத்த கட்டத்துக்குப் போவது என்று முடிவு செய்ய ஒரு கூடுதல் ஆட்டம் வைத்தார்கள். ரேஸ் முன்னணியில் இருந்தது. கடைசி இன்னிங்ஸில், அதுவரை பெரிய லீகில் ஒரு பந்துகூட ஆடாத இந்தப் பையனை நடுவில் நிற்க அனுப்பினார்கள். ரேஸ் 5-2 என்று ஜெயித்தது. மட்டையைத் தொடவே இல்லை, அதுதான் அவருடைய முதல் ஆட்டம். ஒரு சீசனே தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் புதுப் பையனை நம்பி நிறுத்தினார்கள் என்றால், அவரிடம் எதையோ பார்த்திருக்கிறார்கள். எதை?

எனக்கு டிவியில் ஒன்றும் தெரியவில்லை. நான் பேங்க் கிளார்க். முதலில் தப்பைத்தான் பார்ப்பேன். "எரர் எத்தனை?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டுவிட்டால், மைதானத்தில் கணக்கு எழுதுபவர் அதை 'எரர்' என்று குறிப்பார். எரர் குறைவு என்றால் நல்ல ஃபீல்டர் என்பது என் முடிவு.

மாப்பிள்ளை சிரித்தார். "மாமா, எரர் வாங்கணும்னா முதல்ல பந்துகிட்ட போகணும். மெதுவா ஓடறவன் போய்ச் சேர்றதுக்குள்ள பந்து தரையில விழுந்துடும். அவனுக்கு எரர் கிடையாது. வேகமா ஓடிப் போய்க் கையுறையில பட்டு நழுவ விடறானே, அவனுக்குத்தான் சில சமயம் எரர் விழும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை மைதானத்துக்கே அழைத்துப் போனார். விரிகுடாவின் மறுகரையில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது டிராபிகானா ஃபீல்ட். மேலே முழுக்க வெளிறிய கூரை போட்ட மைதானம். 2024 அக்டோபர் சூறாவளியில் கிழிந்தது அந்தக் கூரைதான். வெள்ளைப் பந்து அந்த வெளிறிய கூரைக்கு நேரே போனால் கண்ணுக்குத் தப்பிவிடும், அங்கே ஃபீல்டிங் செய்வது சுலபமில்லை. மேல் வரிசையில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை ஒன்று சொன்னார்: "ஒரு இன்னிங்ஸ் முழுக்க பந்தைப் பார்க்காதீங்க மாமா. அவனை மட்டும் பாருங்க."

அப்போதுதான் புரிந்தது. டிவியில் கேமரா எப்போதும் பந்து வீசுபவரையும் அடிப்பவரையும்தான் காட்டும். பந்து அடிபட்டு, அது மேலே போன பிறகுதான் அவுட்ஃபீல்டர் படத்துக்குள் வருவார். அதற்குள் முக்கியமான வேலை முடிந்திருக்கும். நேரில் பார்த்தால், மட்டையில் பந்து படும் அந்த நொடியிலேயே அவர் கால் நகர்ந்துவிட்டது. வளைந்து சுற்றாமல், பந்து இறங்கப் போகும் இடத்துக்கு நேராக ஓடினார். டிவியில் 'சாதாரண கேட்ச்' என்று நான் நினைத்தது, இன்னொருவராக இருந்தால் விழுந்து புரண்டு பிடிக்க வேண்டியதாக இருந்திருக்கும். அவரும் தேவைப்பட்டால் பாய்வார்தான். ஆனால் பாய்ச்சலைப் பார்த்து மட்டும் கை தட்டக் கூடாது. சில பாய்ச்சல்கள், முதல் அடி தாமதமாக எடுத்ததற்குக் கட்டும் அபராதம்.

இந்த முதல் அடியை இப்போது அளக்கிறார்கள். 2015 முதல் பெரிய லீகின் 30 மைதானங்களிலும் 'ஸ்டாட்காஸ்ட்' என்ற கருவி ஏற்பாடு இருக்கிறது. பந்து எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது, ஃபீல்டர் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தது, முன்னாலா பின்னாலா, பக்கத்தில் சுவர் உண்டா என்று பார்த்து, அந்தப் பந்தைப் பிடிக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லிவிடும். முதல் மூன்று விநாடியைத் தனியாகப் பிரித்து, எவ்வளவு சீக்கிரம் கிளம்பினார், எவ்வளவு வேகம் பிடித்தார், எவ்வளவு நேராக ஓடினார் என்று மூன்று கணக்கு வைக்கிறார்கள்.

இது நம் வரவு செலவுக் கணக்குதான். 30 சதவீத வாய்ப்புள்ள பந்தைப் பிடித்தால் 0.70 வரவு. விட்டால் 0.30 பற்று. 95 சதவீத வாய்ப்புள்ள பந்தைப் பிடித்தால் 0.05தான் வரவு, விட்டால் 0.95 பற்று. கடைசியில் கூட்டிப் பார்த்தால் அவர் நிகர மதிப்பு வரும். முக்கியமாக, எட்டாமல் போன பந்துக்கும் இதில் ஒரு பதிவு உண்டு. பழைய எரர் கணக்கில் அது எங்கேயும் ஏறாது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான பந்துகள் யாரும் பிடிக்கக்கூடியவை. சில, யாராலும் பிடிக்க முடியாதவை. இரண்டுக்கும் நடுவே இருப்பவைதான் ஆளைக் காட்டும், அவை மாதத்துக்குக் கொஞ்சமே வரும். அதனால்தான் ஃபீல்டிங் எண்களை ஒரு மாதத்தை வைத்து நம்பாதே, பல சீசன் சேரட்டும் என்பார்கள். புதியவர் விஷயத்தில் முதல் மாதம் கூட்டுத்தொகையைப் பார்க்காமல், கால் எப்போது நகர்கிறது, எந்த வழியில் ஓடுகிறார் என்பதைப் பார்ப்பதே நல்லது. ஃபீல்டிங்கையும் பேட்டிங்கையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. சிகாகோ கப்ஸ் அணிக்கு 2023 செப்டம்பரில் வந்த பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங், அந்த ஆண்டு 14 முறை அடிக்க வந்து ஒரு ஹிட்கூட எடுக்கவில்லை. 2025இல் நடு ஃபீல்டுக்கான தங்கக் கையுறை விருது அவருக்குத்தான்.

விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுவார்கள். 1999இல் ரஃபேல் பால்மீரோ முதல் பேஸில் நின்று ஆடியது 28 ஆட்டம்தான். இருந்தும் அந்த இடத்துக்கான தங்கக் கையுறையை அவருக்கே ஓட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் மேனேஜர்களும் பயிற்சியாளர்களும். பழைய பெயர் அப்படிக் கண்ணை மறைத்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நானும் அப்படி ஒரு தப்பு செய்தவன்.

தொண்ணூறுகளில் எங்கள் கிளையில் இரண்டு பையன்கள் கிளார்க்காகப் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் மெதுவாக, அழகாக எழுதுவார். ஒரு தப்பு கிடையாது. இன்னொருவர் எந்தக் கவுண்டரில் கூட்டம் இருந்தாலும் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரே மாதத்தில் இரண்டு முறை தொகையைக் கணக்கு மாற்றி ஏற்றிவிட்டார். இரண்டு நாளும் சாயங்காலம் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து தேட வேண்டியதாயிற்று. மேனேஜர் சும்மா பேச்சுவாக்கில் என்னைக் கேட்டார். "முதல் பையன் சுத்தம் சார். இரண்டாவது பையன் கொஞ்சம் கவனக்குறைவு" என்றேன். இரண்டாவது பையனுக்குக் கன்ஃபர்மேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனது.

முதல் பையன் கவுண்டரில் காத்திருந்து, அலுத்துப்போய்த் திரும்பிய வாடிக்கையாளர்களை நான் எண்ணவில்லை. அவர்களுக்கு வவுச்சர் கிடையாது, லெட்ஜரில் வரி கிடையாது. இருபது வருடம் கழித்து, அமெரிக்காவில் ஒரு மைதானத்தின் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர்கள் என் கணக்கில் வந்தார்கள். அந்த இரண்டாவது பையன் பிறகு நல்ல நிலைக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த ஆறு மாதத்தை நான் அவருக்குத் திருப்பித் தர முடியாது.

கீர்மையருக்கு அடுத்த ஆண்டே, 2015இல், தங்கக் கையுறை கிடைத்தது. ஃபீல்டிங்கால் மட்டும் 42 ரன்களைக் காப்பாற்றினார் என்று கணக்கிட்டார்கள். 2003இல் அந்தக் கணக்கு தொடங்கியதிலிருந்து அதுவரை யாருக்கும் வராத எண் அது. மொத்தம் நான்கு முறை அந்த விருதை வாங்கி, 2024 சீசனோடு ஓய்வு பெற்றார். மட்டை பிடிப்பதில் சுமார்தான். ஆனாலும் பெரிய லீகில் பத்து வருடத்துக்கு மேல் நிலைத்தார். அந்த 2013 இரவில் அவரை அனுப்பியவர்கள் எரர் கணக்கைப் பார்த்து அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

உங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு அமெரிக்கா போனால், ஒரு நாள் மைதானத்துக்குப் போய் மேல் வரிசை டிக்கெட் வாங்குங்கள். விலையும் குறைவு. ஒரு இன்னிங்ஸ் பந்தை விட்டுவிட்டு ஓர் ஆளை மட்டும் பாருங்கள்.

காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.