அறுபது ரூபாய் பவுடர் நடத்திய பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



"என் வகுப்பறை அனுபவம்" என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்பு பேசியவர்கள் வெற்றிக் கதைகளைச் சொன்னார்கள். நான் ஒரு சறுக்கலைச் சொல்லப் போகிறேன். அது அறுபது ரூபாய் முகப் பவுடர் ஒன்றில் தொடங்கியது.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் கும்மி ஆட்டம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பதினான்கு மாணவிகள். ஒப்பனைக்கு ஆள் வைக்க வசதியில்லை. நானே கடைத்தெருவுக்குப் போய், விலை குறைவாக இருக்கிறதே என்று காம்பாக்ட் பவுடர் டப்பா இரண்டு வாங்கினேன். ஒன்று அறுபது ரூபாய். வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. ரசீதும் கேட்கவில்லை. நுகர்வோர் உரிமை பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை பேசியிருப்பேன்!

விழா அன்று மாலை பதினான்கு முகங்களுக்கும் நானே பூசிவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாட்டு முடிவதற்குள் வியர்த்துக் கொட்டி, கன்னத்தில் கோடு கோடாக வழிந்தது. புகைப்படம் வந்தபோது இன்னும் மோசம். ஃபிளாஷ் வெளிச்சத்தில் எல்லா முகமும் சாம்பல் பூத்தது போல் இருந்தது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். பிள்ளைகள் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை.

எனக்குக் கோபம் கடைக்காரர் மேல். மறுநாள் போய்க் கேட்டேன். "பிரிச்ச பொருளை எப்படி டீச்சர் திருப்பி வாங்குறது? பில் இருக்கா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. திரும்பி வந்துவிட்டேன். அத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். மூடியில் இருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், நேச்சுரல்னா இயற்கைன்னுதானே சொல்லிக் கொடுத்தீங்க? அப்ப எங்க கலரு இயற்கை இல்லையா?"

அந்த நிறத்துக்கு டப்பாவில் போட்டிருந்த பெயர் "நேச்சுரல்". பதினான்கு பிள்ளைகளில் ஒருத்திக்கும் அது பொருந்தவில்லை. பவுடர் சரியில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தன் முகம் சரியில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையான நஷ்டம் நூற்றிருபது ரூபாய் அல்ல, இதுதான் என்று அப்போது புரிந்தது.

அவளைச் சமாதானப்படுத்த "நீயும் அழகுதாம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த வயதுப் பிள்ளைகள் அதை நம்ப மாட்டார்கள். அதனால் அந்த டப்பாவையே பாடமாக்கினேன்.

முதலில் ஒரு சோதனை. கருப்புத் தாளில் ஓரிடத்தில் சாதாரண டால்கம் பவுடர், இன்னோரிடத்தில் காம்பாக்ட் பவுடரைச் சுரண்டிய தூள். இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். டால்கம் பவுடரின் வெண்மை மங்கிப் போனது. காம்பாக்ட் பவுடர் வெளுப்பாகவே நின்றது. ஏன்?

டால்க் என்பது மக்னீசியம் சிலிகேட் கனிமம். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் முதல் எண் அதற்குத்தான், அவ்வளவு மென்மை. நம் வீட்டு மாக்கல் சட்டியின் கல்லிலும் இருப்பது பெரும்பாலும் இதே கனிமம். அதன் ஒளிவிலகல் எண் எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணுக்கு ஓரளவு அருகில் இருப்பதால், நனைந்ததும் ஒளியைச் சிதறடிப்பது குறைகிறது, வெண்மை மங்குகிறது. காம்பாக்ட் டப்பாவின் பட்டியலில் டைட்டானியம் டைஆக்சைடு இருந்தது. வெள்ளைப் பெயின்ட்டிலும் சேர்ப்பது இதைத்தான். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. இதன் எண் அதையும் விட அதிகம். எனவே நனைந்தாலும் வெளுப்பாகவே தெரியும். ஃபிளாஷ் ஒளியையும் திருப்பி அனுப்பும். புகைப்படத்தில் பூத்த சாம்பல் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

அடுத்த கேள்வியை அந்த மாணவியே கேட்டாள்: "எங்க கலருக்குப் பவுடர் செய்யவே முடியாதா டீச்சர்?" தாராளமாக முடியும். முகப் பவுடருக்கு நிறம் தருவது சிவப்பு, மஞ்சள், கருப்பு இரும்பு ஆக்சைடுகள். இரும்புத் துருவுக்கு நெருங்கிய சொந்தம். அவற்றின் அளவைக் கூட்டினால் அடர்ந்த நிறம் வரும். அரிய பொருள் எதுவும் தேவையில்லை. செய்பவர்களும் விற்பவர்களும் வாங்குபவர்களும் மனம் வைக்க வேண்டும். வாங்கியவள் நான். நானே கேட்கவில்லையே!

பிறகு மெலனின். நிறமியை உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனினை எப்படி உருவாக்குகின்றன என்பதில்தான் வேறுபாடு. கூடுதல் மெலனின், வெயிலின் புற ஊதாக்கதிரிலிருந்து கூடுதல் பாதுகாப்பு. ஆறுதலாக இல்லாமல் அறிவியலாகச் சொன்னபோது அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கணக்குப் பாடமும் கிடைத்தது. டப்பாவில் இருந்தது 9 கிராம். அறுபது ரூபாயை ஒன்பதால் வகுத்தால் கிராமுக்கு 6 ரூபாய் 67 காசு. பக்கத்துக் கடையில் 100 கிராம் டால்கம் பவுடர் தொண்ணூறு ரூபாய், அதாவது கிராமுக்கு 90 காசு. மலிவு என்று நான் வாங்கியது ஏழு மடங்குக்கும் மேல் விலை! விலையை மட்டும் பார்க்காதே, எடையையும் பார் என்று என் மாணவர்கள் எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

கடைசியில் லேபிள் வாசிப்பு. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள், உட்பொருள்கள், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை என ஒவ்வொன்றாகத் தேடினோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986 டிசம்பர் 24-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்ததால்தான் அந்த நாள் தேசிய நுகர்வோர் நாள். இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் சட்டம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இவற்றை மனப்பாடமாக முன்பே நடத்தியிருக்கிறேன். கையில் டப்பா இருந்தபோதுதான் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

ஆசிரிய நண்பர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு முதலாவது. வண்ணப் பென்சில் டப்பாவில் உள்ள வெளிர் ரோஜா நிறத்தை நம் பிள்ளைகள் "ஸ்கின் கலர்" என்கிறார்கள். அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் அப்படிப்பட்ட ஒரு பெயரை 1962-லேயே மாற்றி, "பீச்" என்று பழத்தின் பெயரை வைத்தது. நம் வகுப்பில் அந்தச் சொல் வரும்போது, "யாருடைய ஸ்கின்?" என்று ஒரு முறை கேளுங்கள். பழுப்பு நிறத்தை எடுத்து அம்மாவை வரையச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நம் எல்லோருக்கும். வரவேற்புக்குத் தட்டேந்தவும் நடனத்தில் முன்வரிசையில் நிற்கவும் எந்தப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறோம்? நான் பழைய ஆண்டு விழாப் படங்களை எடுத்துப் பார்த்தேன். முன்வரிசையைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பழக்கமாகச் செய்திருக்கிறேன்.

மூன்றாவது, உங்கள் பள்ளியின் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தில் மாதம் ஒரு லேபிளை வாசிக்கச் செய்யுங்கள். சிவப்பழகு என்ற பெயரில் விற்கும் களிம்புகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் சில களிம்புகளில் பாதரசம் கண்டறியப்பட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத களிம்பைத் தொடாதே என்று சொல்லும் துணிவு நம் பிள்ளைக்கு வர வேண்டும்.

இந்த ஆண்டும் கும்மி உண்டு. பவுடர் வேண்டுமா என்று பிள்ளைகளிடமே கேட்டேன். சிலர் வேண்டும் என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அந்த மாணவிக்கு இரண்டாம் வரிசைதான் கிடைத்தது. "பரவாயில்ல டீச்சர், சீட்டுதானே சொல்லிச்சு" என்று சிரித்தாள்.

அந்தக் காலி டப்பா இன்னும் என் மேசையில் இருக்கிறது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது நான் கேட்க வேண்டிய கேள்விகளை அது நினைவூட்டுகிறது.