நாம் அழைக்கவேண்டியவர்கள்

(ஆதரவாளர் கூடுகையில் நம் பெண் மருத்துவர் ஆற்றிய உரை)



சபைகளில் நாம் பேசத் தயங்கும் ஒரு வியாதியைப்பற்றி இன்று பேச விரும்புகிறேன். "அடி இறங்கிவிட்டது" என்று நம் தாய்மார் தாழ்ந்த குரலில் சொல்லுவார்களே, அந்தக் கர்ப்பப்பை இறக்கந்தான் அது. பல பிரசவங்கள், நீண்டுபோன பிரசவ வேதனை, பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே பாரம் தூக்குவது ஆகியவற்றால் கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகளும் நார்களும் தளர்ந்துபோகின்றன. ராமநாதபுரம் சீமையில் குடிதண்ணீர் சுமக்கும் பெண்களுக்கும், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கும் ஓய்வு எளிதாய்க் கிடைப்பதில்லை.

இதற்கு மனிதர் செய்த பழைய வைத்தியங்கள் கொடியவை. பண்டைய கிரேக்க நாட்டில் பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டி உலுக்கினார்கள். பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்துத் தாங்கச் செய்தார்கள். பின்னர் சொரேனஸ் என்னும் வைத்தியர் தலைகீழாகத் தொங்கவிடுவதைக் கண்டித்தார். 1888இல் மான்செஸ்டரில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் டொனால்ட், கர்ப்பப்பையை அகற்றாமலே சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். நம் நாட்டில் பம்பாய் டாக்டர் வி.என். ஷிரோத்கர், இளம் தாய்மாரின் கர்ப்பப்பையை வார்போட்டுத் தாங்கிப்பிடிக்கும் முறையை உருவாக்கினார். 1948இல் அமெரிக்க டாக்டர் கெகல், இடுப்பின் அடித்தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியை அறிமுகப்படுத்தினார்.

இன்று ஆரம்ப நிலையில் இந்தப் பயிற்சியே பலருக்கு உதவுகிறது. மாதுளம்பழம் இருந்த இடத்தில் மிருதுவான சிலிக்கோன் வளையம் பொருத்துகிறோம். முற்றிய நிலையில் அறுவைச் சிகிச்சை உண்டு. ஆனால் எல்லாருக்கும் கர்ப்பப்பையை எடுக்கவேண்டியதில்லை.

இத்தனை வழி இருந்தும் வருஷக்கணக்கில் சகித்திருப்பது ஏன்? வெட்கந்தான். புண்ணாகி, சிறுநீர் கசிந்து, ஆலயத்தில் அமரக்கூட முடியாத நிலையிலும் கணவரிடம் சொல்லமாட்டார்கள்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் 18 வருஷம் கூனியாயிருந்த ஸ்திரீ சுகம் கேட்டதாக எழுதப்படவில்லை. ஆண்டவரே அவளைக் கண்டார், அவரே அழைத்தார். நம் தாய்மாரும் தாங்களாக வரமாட்டார்கள். நாம்தான் அழைக்கவேண்டும்.

உங்கள் காணிக்கை ஏழைத் தாயின் சிகிச்சைக்கு உதவுகிறது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். இன்னும் ஒன்று கேட்கிறேன். சகோதரிகளே, பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் இதைப்பற்றி வாய்திறந்து பேசுங்கள். தயங்குகிறவளைக் கைப்பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவாருங்கள். சகோதரரே, வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால், 6 வாரமாவது அந்தத் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். இதுவும் ஊழியமே.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.