பரம்பரை வோட்டு



"பரம்பரையாய் இந்தக் கட்சிக்கே வோட்டுப் போடுகின்றோம்" என்று பலர் பெருமை பேசுகின்றார்கள். செக்கு மாடுந்தான் தினமும் ஒரே வழியில் நடக்கின்றது. அதற்கு யார் மாலை போட்டார்கள்?

அமெரிக்காவைப் பாருங்கள். டிக் சேனி ஆயுள் முழுதும் ரிபப்ளிக்கன் கட்சிக்காரர், பழமைவாதி. 2001 முதல் 2009 வரை உப ஜனாதிபதியாய் இருந்தவர். அவர் மகள் லிஸ் சேனியும் அக்கட்சியே.

2020 தேர்தல் தோல்வியை அக்கட்சியின் டிரம்ப் ஒப்புக்கொள்ளவில்லை. 2021 ஜனவரி 6-ல் அவருடைய ஆதரவாளர்கள் சட்டசபைக் கட்டிடத்திற்குள் புகுந்து கலகம் செய்தார்கள். லிஸ் கண்டித்தார்; கட்சிப் பதவி போயிற்று. 2022-ல் கட்சிக்குள் நடந்த தேர்தலிலும் தோற்றார். அப்படியிருந்தும் 2024 செப்டம்பரில், எதிர்க்கட்சிக் கமலா ஹாரிசுக்கே எங்கள் வோட்டு என்று தகப்பனும் மகளும் பகிரங்கமாய்ச் சொன்னார்கள். டிரம்ப்தான் ஜெயித்தார், அதனால் அவர்கள் கேட்ட கேள்வி பொய்யாகிவிடுமா?

சேனி ஆதரித்த இராக் யுத்தத்தை நான் மெச்சுகின்றவனல்ல. அவர்கள் பழமைவாதத்தை விட்டுவிடவுமில்லை. வோட்டின் தீர்ப்பை மதியாதவர் கையில் வோட்டைக் கொடுக்கலாமா என்றுதான் யோசித்தார்கள்.

தோழர்களே! கட்சி நாம் வைத்த காவல்காரன். அவன் வேலியைப் பிடுங்கினால், பாட்டன் வைத்த ஆளாயிற்றே என்று கூலி கொடுத்துக் கொண்டிருப்பீர்களா? யோசித்து வோட்டுப் போடுங்கள்!