இரண்டே பெயர்கள்

 

ஊராரின் பெயர்ப் பதிவேடு பொறுப்பாளர்களிடம் உள்ள அமானிதமாகும். அநீதியாளன் ஒருவன் அதனைக் கேட்டால் என் செய்வது? கிரேக்க நாட்டின் ஸாக்கிந்தோஸ் தீவில் இதற்குக் கிடைத்த விடையை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943ஆம் ஆண்டில், தெசலோனிக்கி நகரிலிருந்து மட்டும் 40,000க்கும் மேற்பட்ட யூதர்கள் இரயில்களில் ஏற்றப்பட்டு ஆஷ்விட்ஸ் கொலைமுகாமிற்கு அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தபின், ஸாக்கிந்தோஸ் தீவும் ஜெர்மானியர் வசமாயிற்று. அங்கே 275 யூதர்கள் வாழ்ந்தனர்.

அவர்களின் பட்டியலைத் தருமாறு ஜெர்மானியத் தளபதி நகரத் தலைவர் லூக்காஸ் காரெருக்கு ஆணையிட்டான். மறுப்போருக்கு மரணம் காத்திருந்த காலம் அது. அவர் கிறிஸ்தவ ஆயர் கிரிசோஸ்டோமோஸை நாடினார். இறுதியில் தளபதியிடம் சென்ற பட்டியலில் இரண்டே பெயர்கள் இருந்தன. ஒன்று ஆயருடையது, மற்றொன்று நகரத் தலைவருடையது!

இதற்கிடையே யூதக் குடும்பங்கள் மலைக் கிராமங்களுக்குச் சென்றன. கிறிஸ்தவ மக்கள் தம் இல்லங்களில் அவர்களை மறைத்து வைத்து, உணவளித்துக் காத்தனர். பலர் அறிந்திருந்த இரகசியம் பகைவரின் செவிக்கு எட்டவில்லை. அத்தீவிலிருந்து ஒரு யூதர்கூட கொலைமுகாமிற்கு அனுப்பப்படவில்லை. 1978இல் அவ்விருவரையும் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் கௌரவித்தது.

தலைவர்கள் தம் பெயரை முன்வைத்தார்கள். மக்கள் தம் வாசலைத் திறந்தார்கள். இவ்விரண்டும் சேர்ந்தே 275 உயிர்களைக் காத்தன. பதவி வகிக்கும் நாமும், அண்டை வீட்டாராய் வாழும் நாமும் இதனை நெஞ்சில் நிறுத்துவோமாக!